உயிர் இரண்டாம் விதியை மீறுகிறதா?

(இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)



தெர்மல் இன்ஜினியரிங் பேப்பரில் ஒரு கேள்வி அடிக்கடி தலைகாட்டும்: "வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியைக் கூறுக." கெல்வின்-பிளாங்க் கூற்று ஒன்று, கிளாசியஸ் கூற்று ஒன்று எழுதிவிட்டு, படம் கேட்டால் படமும் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவோம். மார்க் வந்துவிடும். ஆனால் அந்த விதியை வைத்துக்கொண்டு ஒருவர் நம்மை மடக்கினால் என்ன செய்வது?

எங்கள் ஹாஸ்டலில் ஒரு சீனியர் அண்ணன் மடக்கினார். "தம்பி, என்ட்ரோபி எப்பவும் கூடிக்கிட்டேதான் போகும்னு உங்க புக்குல போட்டிருக்கா இல்லையா? எல்லாம் சிதைஞ்சுக்கிட்டே போகும்னுதானே அர்த்தம்? அப்புறம் எப்படி ஒரு செல்லு மீனாகி, மீனு குரங்காகி, குரங்கு மனுஷனாகும்? ஒண்ணு உங்க விதி பொய், இல்ல டார்வின் பொய்." பக்கத்து ரூம் பையன்கள் எல்லாம் கைதட்டினார்கள். இந்த வாதம் அண்ணனுடைய கண்டுபிடிப்பு அல்ல. உலகம் முழுக்கப் பல காலமாகப் புழங்கி வருவதுதான்.

இதைப் பற்றி எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். நான் சொல்வதைச் சரிபார்க்க வீட்டில் ஆள் கிடையாது. "அண்ணன் சொல்லிருச்சு" என்றால் தங்கைக்கு அதுதான் புத்தகம். ஆகையால் பாதி விதியைச் சொல்லிக்கொடுத்துவிடக் கூடாது என்ற பயம் எனக்கு இருக்கிறது. இந்தக் கேள்வியில் சிக்கலே பாதி விதியால்தான் வருகிறது.

முழு விதி என்ன? பிரான்ஸ் நாட்டு இன்ஜினியர் சாடி கார்னோ 1824-ல் நீராவி எஞ்சினைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு வெப்பம் இறங்கும்போதுதான் வேலை கிடைக்கும் என்பது அதன் சாரம். அவர் 1832-ல் காலராவில் இறந்தபோது வயது 36. அந்தக் கருத்தைப் பிடித்துக்கொண்டு முன்னேறிய கிளாசியஸ் 1865-ல் என்ட்ரோபி என்ற பெயரைச் சூட்டினார். அவர் விதியில் ஒரு நிபந்தனை உண்டு: வெளியிலிருந்து பொருளோ ஆற்றலோ உள்ளே வராத, உள்ளேயிருந்து எதுவும் வெளியே போகாத, தனித்துவிடப்பட்ட அமைப்பில் மட்டுமே மொத்த என்ட்ரோபி குறையாது. இந்த "தனித்துவிடப்பட்ட" என்ற ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டால் ஹாஸ்டல் அண்ணன் ஜெயித்துவிடுவார்!

இதற்கு நான் பார்த்து வளர்ந்த ஓர் உதாரணம் சொல்கிறேன். என் அப்பா துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஐஸ் கம்பெனியில் லோடு ஏற்றுகிறார். உப்புத் தண்ணீர் தொட்டிக்குள் வரிசையாகத் தகரக் கேன்கள் இறங்கியிருக்கும். உறைந்ததும் கேனைத் தூக்கி, சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் கவிழ்த்தால் ஐஸ் பார் வழுக்கிக்கொண்டு வந்து விழும். கண்டபடி ஓடித் திரிந்த தண்ணீர் மூலக்கூறுகள் வரிசை கட்டிப் படிகமாக நிற்கின்றன. அதாவது என்ட்ரோபி குறைந்திருக்கிறது. இரண்டாம் விதியை மீறியதாக யாராவது ஐஸ் கம்பெனி மீது கேஸ் போட்டார்களா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 கிலோ பார் ஒன்று. 30 டிகிரி தண்ணீரை 0 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 6,300 கிலோ ஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். உறைய வைக்க கிலோவுக்கு 335 வீதம் 16,750. ஆக மொத்தம் சுமார் 23,000 கிலோ ஜூல். இதனால் தண்ணீரின் என்ட்ரோபி எவ்வளவு குறைகிறது? குளிர்வதில் சுமார் 22, உறைவதில் 16,750-ஐ 273-ஆல் வகுத்தால் சுமார் 61. கூட்டினால் ஒரு கெல்வினுக்கு 83 கிலோ ஜூல். சரி, இப்போது கண்டன்சர் பக்கம் வாருங்கள். பிளான்ட்டின் சி.ஓ.பி. 3 என்று வைத்துக்கொண்டால், கம்ப்ரஸர் சுமார் 7,700 கிலோ ஜூல் வேலை செய்திருக்கும். எடுத்த வெப்பமும் இந்த வேலையும் சேர்ந்து 30,700 கிலோ ஜூல் வெளியே கொட்டப்படுகிறது. வெளிக்காற்று 32 டிகிரி, அதாவது 305 கெல்வின். வகுத்தால் 100-க்குச் சற்று மேலே. உள்ளே 83 குறைந்தது, வெளியே 100 கூடியது. நிகரமாக 17 லாபம், இரண்டாம் விதிக்கு!

இதை வீட்டில் சொன்னபோது அப்பா சிரித்தார். "அதெல்லாம் சரிதான்டா தம்பி, கரண்ட் போச்சுன்னா எல்லாம் தண்ணிதான்" என்றார். நான்கு பக்கப் பாடம் இந்த ஒரு வரியில் அடங்கிவிட்டதாக எனக்குத் தோன்றியது. ஆம்! ஒழுங்கு என்பது ஒருமுறை செய்து வைத்துவிட்டால் நிற்கும் சரக்கு அல்ல. ஆற்றல் உள்ளே வந்து, வெப்பம் வெளியே போய்க்கொண்டே இருக்கும் வரைதான் அது தாக்குப்பிடிக்கும். நம் உடம்பும் அப்படியே. நாளைக்கு 2,000 கிலோ கலோரி சாப்பிடும் ஒருவர் அதையெல்லாம் கடைசியில் வெப்பமாக வெளியே விடுகிறார். நொடிக் கணக்கில் வகுத்தால் 97 வாட். கிட்டத்தட்ட ஒரு 100 வாட் குண்டு பல்பு! 60 கிலோ எடை என்றால் கிலோவுக்கு 1.6 வாட். சூரியனுக்கு இதே கணக்கைப் போட்டால் கிலோவுக்கு 0.0002 வாட்தான் தேறுகிறது. எடைக்கு எடை பார்த்தால் நம் கேண்டீன் மாஸ்டர் சூரியனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு சூடான பேர்வழி.

அடுத்து "ஒழுங்கின்மை" என்ற சொல்லைப் பற்றி. என்ட்ரோபி என்றால் ஒழுங்கின்மை என்று மனப்பாடம் செய்கிறோமே, அது ஓரளவுதான் சரி. ஆஸ்திரிய விஞ்ஞானி போல்ட்ஸ்மேன் அதை எண்ணிக்கையாகப் பார்த்தார். பத்து நாணயங்களைச் சுண்டினால் மொத்தம் 1,024 விதங்களில் விழலாம். பத்தும் தலையாக விழ ஒரே ஒரு வழி. ஐந்து தலை, ஐந்து பூ விழ 252 வழிகள். அதிக வழிகள் உள்ள நிலைக்கே பொருள்கள் போய்ச் சேரும். காரணம் வேறு ஒன்றுமில்லை, அதற்குத்தான் வழிகள் அதிகம்! வியன்னாவில் அவர் கல்லறையின் மேல் எஸ் = கே லாக் டபிள்யூ என்ற சூத்திரத்தையே பொறித்து வைத்திருக்கிறார்கள். டபிள்யூ என்பது அந்த வழிகளின் எண்ணிக்கை.

இப்படிப் பார்த்தால் ஒரு வேடிக்கை வெளிப்படும். சில சமயம் என்ட்ரோபி கூடுவதாலேயே ஒழுங்கு பிறக்கிறது. சோப்புத் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். சோப்பு மூலக்கூறுக்கு ஒரு முனை தண்ணீரை விரும்பும், மற்ற முனை எண்ணெய் ஜாதி. அந்த எண்ணெய் முனையைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் நகர முடியாமல் கட்டுண்டு நிற்க வேண்டியிருக்கிறது. சோப்பு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒண்டிக்கொண்டால் தண்ணீருக்கு விடுதலை! வழிகள் பெருகுகின்றன, மொத்த என்ட்ரோபி கூடுகிறது. நம் செல்லைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வும் பெரும்பாலும் இதே காரணத்தால்தான் தானாகக் கூடி நிற்கிறது. உயிரின் முதல் சுவரைக் கட்டிய கொத்தனார் இரண்டாம் விதிதான் என்று நான் சொன்னால் அண்ணன் ஒப்புக்கொள்வாரா?

சரி, பூமிக்குக் கம்ப்ரஸர் எது, கண்டன்சர் எது? சூரியன் ஒருபுறம், இருண்ட வான்வெளி மறுபுறம். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,800 கெல்வின். பூமி வான்வெளிக்கு வெப்பத்தை அனுப்பும்போது அதன் சராசரி கணக்கு சுமார் 255 கெல்வின். வாங்கும் ஆற்றலும் விடும் ஆற்றலும் ஏறக்குறைய சமம்தான். ஆனால் வாங்குவது உயர்தரச் சரக்கு, விடுவது மட்டமான சரக்கு. 1,000 கிலோ ஜூலை 5,800-ஆல் வகுத்தால் 0.17, 255-ஆல் வகுத்தால் 3.9. (கதிர்வீச்சுக்கு 4/3 என்று ஒரு பெருக்கெண் வரும், இரண்டு பக்கமும் வருவதால் விகிதம் மாறாது.) ஒளித்துகள் கணக்கில் சொன்னால், சூரியனிடமிருந்து ஒன்று வாங்கினால் பூமி சுமார் இருபதாக உடைத்து வெளியே விடுகிறது. உயிர்கள் எல்லாம் பிழைப்பது இந்த வித்தியாசத்தில்தான். 1886-ல் பேசிய ஓர் உரையிலேயே போல்ட்ஸ்மேன் இதைச் சொல்லிவிட்டார்: உயிர்கள் போட்டியிடுவது ஆற்றலுக்காக அல்ல, சூடான சூரியனிலிருந்து குளிர்ந்த பூமிக்கு ஆற்றல் இறங்கும் வழியில் கிடைக்கும் என்ட்ரோபி ஆதாயத்துக்காக என்று. பின்னர் 1943-ல் டப்ளின் நகரில் ஷ்ரோடிங்கர் நிகழ்த்திய உரைகள் 1944-ல் புத்தகமாக வந்து இந்தக் கருத்தை உலகெங்கும் பரப்பின.

ஆனால் நண்பர்களே, வெப்ப இயக்கவியல் டார்வினை உண்மையாகவே ஒருமுறை கலங்கடித்தது. அது ஹாஸ்டல் வாதம் போல் அல்ல, மிகப் பெரிய தலை ஒன்று போட்ட கணக்கு. நாம் ஒவ்வொரு கணக்கிலும் 273 கூட்டி ஒருவர் பெயரைப் போடுகிறோமே, அதே கெல்வின்!

1859-ல் டார்வின் புத்தகம் வந்தது. பரிணாமம் மிக மெதுவாக நடப்பது. அதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் தேவை. தெற்கு இங்கிலாந்தில் ஒரு பள்ளத்தாக்கு அரிக்கப்படவே 30 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று அவர் முதல் பதிப்பில் எழுதியிருந்தார். அந்தக் கணக்குப் பிந்தைய பதிப்புகளில் இல்லை. 1862-ல் வில்லியம் தாம்சன் (லார்டு கெல்வின் ஆனது 1892-ல்) ஒரு கட்டுரை வெளியிட்டார். பூமி உருகிய பாறையாகத் தொடங்கியது, சுரங்கத்தில் இறங்க இறங்கச் சூடு கூடுகிறது, அந்தச் சூடு கூடும் வேகத்திலிருந்து பூமி எவ்வளவு காலமாகக் குளிர்கிறது என்று கண்டுபிடிக்கலாம். வெப்பக் கடத்தல் கணக்கு, சுத்தமான கணக்கு. விடை: சுமார் 9 கோடியே 80 லட்சம் ஆண்டுகள், தகவல்களில் உள்ள சந்தேகத்துக்கு இடம் விட்டு 2 கோடியிலிருந்து 40 கோடி வரை. 1897-ல் அதையும் சுருக்கி 2 முதல் 4 கோடிக்குள் கொண்டுவந்தார். சூரியன் சுருங்கிச் சுருங்கி வெப்பம் தருகிறது என்று வைத்து அதற்குப் போட்ட கணக்கும் இதே மாதிரி குறைவாகவே வந்தது.

டார்வின் இதை அலட்சியப்படுத்தவில்லை. தமக்குள்ள பெரிய தொல்லைகளில் இது ஒன்று என்று 1869-ல் நண்பர் வாலஸுக்கு எழுதினார். பதில் தெரியாமலேயே 1882-ல் காலமானார். இந்த இடத்தில் எனக்கு அவர் மேல் மரியாதை கூடுகிறது. எதிராளியின் கணக்கைத் தப்பு என்று நிரூபிக்க வழியில்லை. அதற்காகத் தம் சான்றுகளையும் அவர் தூக்கிப் போடவில்லை.

கெல்வின் கணக்கில் எங்கே ஓட்டை? பெருக்கல் வகுத்தலில் இல்லை. தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட அனுமானத்தில். பூமியின் உட்பகுதி முழுவதும் ஆடாமல் அசையாமல் இருக்கும் திடப்பொருள், வெப்பம் கடத்தலால் மட்டுமே வெளியே வருகிறது என்று வைத்துக்கொண்டார். அவருடைய பழைய உதவியாளரான இன்ஜினியர் ஜான் பெர்ரி 1895-ல் இதைத்தான் கேட்டார்: உள்ளே மெதுவாகவாவது பாய்வு இருந்தால் அடியிலிருந்து வெப்பம் மேலே வந்துகொண்டே இருக்குமே, அப்போது பூமியின் வயது பல மடங்கு கூடுமே என்று. கடத்தலா சலனமா என்ற கேள்விதான், நம் ஹீட் டிரான்ஸ்ஃபர் பாடத்தின் முதல் பக்கம்! பெரியவர் ஏற்கவில்லை. அதற்குள் 1896-ல் பெக்கரெல் கதிரியக்கத்தைக் கண்டுபிடித்தார். 1903-ல் பியர் கியூரியும் லபோர்டும் ரேடியம் ஓயாமல் வெப்பத்தை வெளிவிடுகிறது என்று அளந்து காட்டினார்கள். பூமிக்குள்ளேயே அடுப்பு எரிகிறது! சூரியனின் அடுப்பு அணுக்கரு இணைவு என்பது பிறகு தெரியவந்தது. 1956-ல் கிளேர் பேட்டர்சன் விண்கற்களில் உள்ள ஈயத்தை அளந்து பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்றார். அது இன்றும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பில்பாரா பகுதிப் பாறைகளில் சுமார் 348 கோடி ஆண்டுக்கு முந்தைய நுண்ணுயிர்ப் படிவங்கள் கிடைத்திருக்கின்றன. டார்வின் கேட்டதைவிட அதிகமாகவே காலம் கிடைத்துவிட்டது.

இனி உயிர் தோன்றிய கதை. "திறந்த அமைப்பு, வெளியிலிருந்து ஆற்றல் வருகிறது, ஆகவே உயிர் வந்தது" என்று சொல்லி முடித்துக்கொள்ள முடியுமா? முடியாது. சிமெண்ட் மூட்டையை வெயிலில் வைத்தால் கட்டடம் ஆகாது; இரும்பை வைத்தால் துருதான் பிடிக்கும். விதி அனுமதி தருகிறது, அவ்வளவுதான். இறங்கும் ஆற்றலைப் பிடித்து வேறு ஒன்றை மேலே ஏற்றுவதற்கு ஓர் இணைப்பு வேண்டும். ஐஸ் கம்பெனியில் அது கம்ப்ரஸர். ஆதி பூமியில் அது எது?

1953-ல் சிகாகோவில் ஸ்டான்லி மில்லர் என்ற ஆராய்ச்சி மாணவர், தம் பேராசிரியர் யூரியின் துணையோடு மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து மின்பொறி பாய்ச்சிய சோதனையை வெளியிட்டார். ஒரு வாரத்தில் அமினோ அமிலங்கள் கிடைத்தன. ஆதி வளிமண்டலத்தில் கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனுமே மிகுதி என்று பின்னர் கருதப்பட்டதால் அந்தக் கலவை கேள்விக்குள்ளானது. எப்படியிருந்தாலும் மில்லர் செய்தது செங்கல்தான், வீடல்ல.

எனக்கு அதிகம் பிடித்தது கடலடி ஊற்றுகளின் கதை. மெக்கானிக்கல் பையன்களுக்குப் பிடிக்காமல் போகாது. முதலில் ஒரு கேள்வி. நம் உடம்பு வெப்ப எஞ்சினா? உடம்பு 310 கெல்வின், வெளியே 303 என்றால் கார்னோ திறன் 7-ஐ 310-ஆல் வகுத்து, 2 சதவீதம் சொச்சம். ஆனால் தசையோ உணவின் ஆற்றலில் 20 சதவீதத்துக்கு மேல் வேலையாக மாற்ற வல்லது. ஆகவே நாம் வெப்ப எஞ்சின் அல்ல. பின்னே என்ன? 1961-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானி பீட்டர் மிட்செல் சொன்னார்: செல்லுக்குள் ஒரு மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் ஹைட்ரஜன் அயனிகளைப் பம்ப் செய்து தேக்கி, அவை திரும்பி இறங்கும்போது வேலை வாங்குகிறது என்று. அப்படியே அணைக்கட்டும் டர்பைனும்தான்! ஆரம்பத்தில் பலர் நம்பவில்லை; 1978-ல் நோபல் பரிசு கிடைத்தது. டர்பைன் என்பது உவமைகூட இல்லை. ஏ.டி.பி. சிந்தேஸ் என்ற அந்தப் புரதத்தில் உண்மையாகவே ஓர் அச்சு சுற்றுகிறது. ஜப்பானிய விஞ்ஞானிகள் 1997-ல் அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தே விட்டார்கள். சவ்வின் தடிமன் ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஐந்தாறு பங்கு, மின்னழுத்தம் வெறும் 0.15 முதல் 0.2 வோல்ட். ஆனால் மீட்டருக்குக் கணக்கிட்டால் சுமார் 3 கோடி வோல்ட்! பாக்டீரியா முதல் தென்னை மரம் வரை இந்த ஏற்பாடு பொதுவாக இருப்பதால் இது மிகப் பழைய சொத்து என்று கருதுகிறார்கள்.

2000-ஆம் ஆண்டு டிசம்பரில் அட்லாண்டிக் கடலடியில் "லாஸ்ட் சிட்டி" என்று பெயரிடப்பட்ட ஊற்றுகள் கண்டுபிடிக்கப்பட்டன. சுண்ணாம்பு போன்ற வெள்ளைக் கோபுரங்கள், சில 60 மீட்டர் உயரம். உள்ளிருந்து வருவது ஹைட்ரஜன் கலந்த, காரத்தன்மை உள்ள வெதுவெதுப்பான நீர். இந்த வகை ஊற்று உயிரின் தொட்டிலாக இருக்கலாம் என்று மைக்கேல் ரஸ்ஸல் அதற்கு முன்பே சொல்லியிருந்தார். ஆதிக் கடலில் கார்பன் டை ஆக்சைடு கரைந்து அமிலத்தன்மை இருந்திருக்கும். நடுவே மெல்லிய கனிமச் சுவர்; ஒரு பக்கம் அமிலம், மறுபக்கம் காரம். யாரும் பம்ப் செய்யாமலேயே அணையில் தண்ணீர் ரெடி! அதோடு ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்தால் ஆற்றல் வெளிப்படும். ஆனால் தானாக வேகமாகச் சேராது. இறக்கம் இருக்கிறது, குறுக்கே ஒரு தடுப்பும் இருக்கிறது. சுவரில் உள்ள இரும்பும் நிக்கலும் கலந்த கனிமங்கள் அந்தத் தடுப்பைத் தாழ்த்தியிருக்கலாம் என்கிறார்கள்.

இதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைத் தண்ணீர் உடைத்துவிடுமே என்பது அவர்கள் கேள்வி. டேவிட் டீமர் போன்றோர் தரையில் உள்ள வெந்நீர்க் குட்டைகளைக் காட்டுகிறார்கள். குட்டை காயும்போது மூலக்கூறுகள் கோத்துக்கொள்ளும், நனையும்போது கலந்துகொள்ளும். டார்வினே 1871-ல் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் வெதுவெதுப்பான சிறு குட்டையைத்தான் கற்பனை செய்திருந்தார். விவாதம் தீரவில்லை. ஆனால் இரண்டு தரப்பும் தேடுவது ஒன்றையே: ஓயாமல் இறங்கும் ஓர் ஆற்றல் சரிவு.

கடைசியாக, பரிணாமம். படியெடுக்கும் உயிர் வந்தபின் இரண்டாம் விதி விலகிப் போய்விடவில்லை. ஒவ்வொரு பிரதிக்கும் கட்டணம் வசூலிக்கிறது. டி.என்.ஏ. எழுத்துகளைப் படியெடுக்கும் நொதி முதல் பார்வையில் ஏறக்குறைய லட்சத்துக்கு ஒன்று தப்பு விடும். உடனே திரும்பிப் பார்த்து, தப்பான எழுத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுவதால் அது கோடிக்கு ஒன்றாகக் குறைகிறது. பிறகு இன்னொரு பழுதுபார்க்கும் குழு வந்து 100 கோடிக்கு ஒன்று என்ற அளவுக்கோ அதற்கும் கீழோ கொண்டுபோகிறது. சும்மா அல்ல, ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஆற்றல் செலவு, வெளியே வெப்பம். 1974-ல் ஜான் ஹாப்ஃபீல்டு இதைக் கணக்காகவே காட்டினார்: கூடுதல் துல்லியம் வேண்டுமானால் கூடுதல் ஆற்றலை எரித்தாக வேண்டும். தப்பே இல்லாத பிரதி என்பது எந்த உயிருக்கும் கட்டுப்படியாகாத சரக்கு. மிச்சம் விழும் அந்தச் சில தப்புகளில்தான் இயற்கைத் தேர்வு வேலை செய்கிறது.

இன்ஃப்ளூயன்சா வைரஸ் இந்தத் திருத்தும் செலவைச் செய்வதே இல்லை. அதன் பிரதிகளில் தப்புகள் மலிந்து கிடக்கின்றன. உருவம் மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை நிபுணர்களைக் கூட்டி, அடுத்த பருவத்துத் தடுப்பூசியில் எந்தெந்த வகைகளைச் சேர்ப்பது என்று புதிதாக முடிவு செய்கிறது.